இரண்டாவதுக்கும் பத்திரிகை உண்டு

சந்துரு,

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து பேசியபோது, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். யாரும் வரவில்லை. நீ சொன்னதைக் கேட்டு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லி, அந்தக் கோபம் உமாவின் மேல் என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்றுதான் வைத்தேன். பத்திரிகை அடிக்க வேண்டாம் என்றாய். விடியற்காலையில் ஏதாவது ஒரு கோவிலில் மாலை மாற்றிக்கொண்டு, சொந்தக்காரர்கள் எழுந்து காபி குடிப்பதற்குள் முடித்துவிடலாம் என்றாய். மீனுவை அன்றைக்கு ஆரியசாலை வீட்டில் உமாவின் அம்மாவிடமே விட்டுவிடலாம், மணப்பெண்ணின் குழந்தை அங்கே நின்றால் பார்க்கிறவர்கள் ஏதாவது பேசுவார்கள் என்றாய். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "ரெண்டாவதாக்கும் அம்மா. இதுக்குப் போய் மேளமும் பந்தலும் எதுக்கு?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடையது மாதிரி இல்லை. இந்தத் தெருவில் யாரிடமிருந்தோ கடன் வாங்கியது மாதிரி இருந்தது.

இந்தக் கடிதத்தை நீ மறைத்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. உமாவிடம் கொடு. உன் அப்பா இப்போதே என் பின்னால் நின்று, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்துக்கொண்டிருக்கிறார். நம் தெருவில் யார் கேட்டாலும் நானே வாசித்துக் காட்டத் தயார். "ரெண்டாவதுதானே" என்று சொல்லிக்கொண்டு உதட்டைப் பிதுக்குகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலில் உனக்கு. ஏனென்றால், இரண்டாவது என்பதற்காக ஒன்றைத் தாழ்த்திப் பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அப்போது உனக்குப் பதினைந்து வயது.

வீட்டுக்குக் கேபிள் வந்த புதிது. அந்த டிவியில் நீ பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான், அந்த அமெரிக்க ராக் குழுவை. கட்டம்போட்ட கம்பளிச் சட்டையைப் பனியனுக்கு மேல் பொத்தான் போடாமல் மாட்டிக்கொண்டு, தலைமுடியால் முகத்தை மூடிக்கொண்டு, கிதாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு அலறுகிற பையன்கள். அவர்கள் ஊர் மழையும் குளிருமாக இருக்குமாம். நீ இங்கே கரமனையில், மேட மாதத்துக் கோடைப் புழுக்கத்தில், அப்பா எப்போதோ வடக்கே போனபோது வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் சுற்றினாய். பெரியப்பா உன்னை நிறுத்தி, ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். உன் அறைச் சுவரில் அவர்களுடைய படம், உன் புத்தக அட்டைகளில் அவர்களுடைய பெயர். அவர்களுடைய முதல் ஆல்பம் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. ஜூஸ் கடையில்கூட அதைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். நீயும் சஜீவும் மற்ற சிநேகிதர்களும் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதோடு சேர்ந்து கத்தும்போது, கீழே சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்கும்.

அந்தக் காலத்தில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று உமாவுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பௌதிகத்தில் பட்டம் வாங்கிய நான், பக்திப் பாட்டுக் கேசட் போடும் ஒரு கம்பெனியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். பிரதி எடுத்து வரும் கேசட்டுகளில் எங்கே சத்தம் விழுகிறது, எங்கே இரைகிறது, எங்கே பாடகர் தொண்டையைச் செருமியது அப்படியே நின்றுவிட்டது என்று பார்ப்பது என் பொறுப்பு. விருச்சிக மாதம் நெருங்கிவிட்டால் ஐயப்பன் பாட்டு தவிர வேறெதுவும் காதில் ஏறாது. வீட்டில் அப்பா தும்மினால்கூட, இதை எங்கே வெட்டுவது என்று யோசிப்பேன். என் காது அப்படிப் பழகிப்போனது. சத்தம் என்றால் பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டியது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அப்போதுதான் அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்தது. துபாயிலிருந்து சஜீவின் மாமா சி.டி. கொண்டுவந்தார். நீங்கள் எல்லாரும் அவன் வீட்டில் கூடி அதைக் கேட்டீர்கள். போகும்போது இருந்த ஆரவாரம் என்ன, திரும்பி வந்தபோது இருந்த முகம் என்ன. முதல் ஆல்பத்தில் இருந்த மாதிரி ஒரு பாட்டாவது வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை. எல்லாம் மெதுவாக, கோணலாக, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் சுற்றுகிற பாட்டுகள். டிவியில் ஒரு வாரம் போட்டார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். நம் வாசல் கேட்டில் சாய்ந்துகொண்டு சஜீவ் சொன்னதை நான் ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டேன். "அளியா, ஆதியத்தது இடிவெட்டு. இது கஞ்சி." முதலாவது இடி முழக்கம், இது வெறும் கஞ்சி என்கிறான். மற்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. சி.டி.யை அவனிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, கேசட்டில் ஏற்றித் தரமுடியுமா என்று என்னிடம் கேட்டாய்.

கம்பெனியில் ஜெபமணி அண்ணன்தான் ரெக்கார்டிஸ்ட். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், என் பையன் கேட்கிறான் என்றதும் மதிய இடைவேளையில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. "மாமி, அதுல ஒருத்தன் இருமுறான், நாற்காலி இழுக்கிற சத்தம் வேற. கடைசியில ஒரே இரைச்சல், மிஷினை அணைக்க மறந்துட்டானுவ போல. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இப்பம் பளிச்சுன்னு இருக்கு." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெள்ளைக்காரன் கம்பெனியில் என்னைப் போல ஒருத்தி இல்லாமல் போய்விட்டாளே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நீ அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அந்த இருமல் எங்கேம்மா?" என்று கேட்டாய். ஏதோ நான் உன் பணப்பையைத் திறந்துவிட்ட மாதிரி.

நான் விளக்கினேன். அது பிழை, திருத்தியாகிவிட்டது.

"பிழையில்லேம்மா அது. அவாளே விட்டு வெச்சது. அந்த இருமல் இருந்தாத்தான் அவா நாலு பேரும் ஒரு ரூம்லே உக்காந்துண்டிருக்கான்னு மனசிலாகும். அதை எடுத்துட்டா, யாரோ எங்கேயோ பாடறா, அவ்வளவுதான்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தாய். "முதல் தடவை அவாளை யாரும் கேக்கமாட்டான்னு நெனச்சுண்டு பாடினா. இப்போ ஊரே காத்துண்டிருக்குன்னு தெரியும். அதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுத்திருக்கலாம், எல்லாரும் கை தட்டியிருப்பா. போடலை. ஆனா ஒளிஞ்சுக்கவும் இல்லே. இருமலோட வந்து நிக்கறா."

பதினைந்து வயதுப் பையன் பேசிய பேச்சு இது. நான் மறுநாள் சி.டி.யை எடுத்துக்கொண்டு போய், ஜெபமணி அண்ணனிடம் எதையும் தொடாமல் அப்படியே ஏற்றித் தரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, என் வழக்கப்படி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். பிழை பார்க்கிற காதோடுதான் உட்கார்ந்தேன். அந்த இருமல் வந்தது. நாற்காலி நகர்ந்தது. யாரோ மெல்ல ஏதோ சொல்ல, ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு பேஸ் கிதார் மட்டும் தனியாக, எதையோ தேடுகிற மாதிரி, ஒரு நீண்ட நடை. அந்தப் பாடகன் அலறவே இல்லை. முதல் ஆல்பத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போன அதே குரல், இதில் பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பாடியது. நடுவில் ஒரு பாட்டுக்குப் பல்லவி என்று ஒன்றே கிடையாது. எப்போது திரும்பி வரும், எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவே வராமல் அது போய்க்கொண்டே இருந்து, ஒரு இடத்தில் வயலினுக்கு அண்ணன் மாதிரி செல்லோ ஒன்று உள்ளே நுழைந்தது. என் கையில் இருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பிழை பார்க்கவில்லை.

கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் ஜெபமணி அண்ணன் வெட்டிப்போட்ட அந்த இரைச்சல் வருகிறது. எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள், ஆம்ப்ளிஃபயர் மட்டும் அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தின் உறுமல். அதை நான் தினமும் கேட்கிறவள், எங்கே கேட்டாலும் துரத்துகிறவள். ஆனால் இது நம் ஊர் உறுமல் இல்லை, கொஞ்சம் மேலே நிற்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் வேகமாகத் துடிக்கும் என்று கல்லூரியில் படித்தது நினைவுக்கு வந்தது. நம் ஊர் உறுமலை ஷட்ஜமாக வைத்தால் அவர்களுடையது சாதாரண காந்தாரத்தில் வந்து நிற்கிறது. எங்கோ உலகத்தின் மறு பக்கத்தில் ஒரு அறை, அதன் சுவர், அதன் மின்சாரம், அதில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற நாலு பையன்கள், எல்லாம் என் காதுக்குள் இருந்தது. அந்த உறுமல் அடங்கும்வரை ஹெட்போனை எடுக்கவில்லை. அன்றைக்கு நான் பார்க்க வேண்டிய பக்திப் பாட்டுகள் பின்தங்கிப்போய், முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க நீ அந்த ஆல்பத்துக்காகச் சண்டை போட்டாய். சஜீவும் மற்றவர்களும் உன்னைக் கேலி செய்தார்கள், உனக்குக் கஞ்சி என்றே பெயர் வைத்தார்கள். கேட்டுக்கு வெளியே சைக்கிள் மணி அடித்து "கஞ்சீ" என்று கூப்பிடுவார்கள். நீ போய் நின்று, மறுபடியும் முதலிலிருந்து வாதாடுவாய். நான்காவது பாட்டைக் கேட்டாயா, சரியாகக் கேட்டாயா, இரண்டு தடவையாவது கேட்டுவிட்டுப் பேசு என்பாய். அவர்கள் கேட்கவில்லை. கடைகளில் அந்தக் கேசட் தூசி பிடித்தது, பத்திரிகைகளில் அதை ஒரு சறுக்கல் என்று எழுதினார்கள், சஜீவ் அதைக் கத்தரித்துக்கொண்டு வந்து உன்னிடம் கொடுத்தான். நீ அதையும் படித்துவிட்டு, மாடிக்குப் போய், அதே கேசட்டை ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு போட்டாய். தெரு முழுக்கக் கேட்கும்படி. அந்த இருமலிலிருந்து ஆரம்பித்து.

ஜன்னலைத் திறந்து வைத்த அந்தப் பையனிடம்தான் நான் பேசுகிறேன்.

உன் முதல் கல்யாணத்தைப் பற்றி நான் இதுவரை உன்னிடம் பேசியதில்லை. முதல் ஆல்பம் மோசம் என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ரம்யா நல்ல பெண். இன்றும் எங்காவது பார்த்தால் நின்று பேசுவேன். உங்களால் சேர்ந்து வாழ முடியவில்லை. முடியவில்லை என்பதை ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளாமல் ஒப்புக்கொண்டீர்கள், அது எனக்கு இப்போதும் பெருமைதான். ஆனால் அந்தக் கல்யாணம் இருக்கிறதே, அதுதான் இந்தத் தெருவின் மாபெரும் வெற்றி. பெரிய மண்டபம், ஊர்ப்பட்ட கூட்டம், வீடியோ வெளிச்சத்தில் வியர்த்துப்போன நீ. பத்திரிகையின் அடியில், வழக்கம்போலக் குழந்தைகளின் அழைப்பாக, பெரியப்பாவின் பேரன்கள் பெயரைப் போட்டு "எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கோ" என்று அச்சடித்திருந்தோம். பெரியப்பா இன்றைக்கும் அன்று போட்ட பலாப்பழப் பாயசத்தை, அந்தச் சக்கப் பிரதமனைப் பற்றிப் பேசுகிறார். கல்யாணம் முறிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பிரதமனின் புகழ் மட்டும் முறியவில்லை. கல்யாணம் நடந்த அந்த மூன்று நாளில் நீயும் அவளும் ஒருவரோடொருவர் எத்தனை வார்த்தை பேசினீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாக நின்று கை தட்டிக்கொண்டிருந்தேன்.

உமா முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் நீ அப்பாவோடு முன்னறையில் இருந்ததால் சமையலறையில் நடந்தது தெரியாது. ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண், வேறு ஜாதி, ஒரு தடவை கல்யாணமாகி விலகியவள் என்றெல்லாம் நீ முன்கூட்டியே சொல்லி என்னைத் தயார் செய்திருந்தாய். அவள் தயாரிப்பு எதுவும் இல்லாமல் வந்தாள். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, உட்காராமல், "மாமி, மீனுவைப் பத்தி உங்ககிட்ட நானே சொல்லணும். அவளை எங்கயும் விட்டுட்டு நான் வர மாட்டேன். அவளும் சேர்ந்ததுதான் நான். அது உங்களுக்கு வெஷமமா, கஷ்டமா இருந்தா இப்பமே சொல்லிடுங்க, காபி குடிச்சிட்டுப் போயிடறேன்" என்றாள். குரலில் கெஞ்சலும் இல்லை, முறைப்பும் இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது. காபிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள்.

அடுத்த தடவை மீனுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நீங்கள் மூவரும் பேசிக்கொண்டிருக்க, அந்தக் குழந்தை என்னோடு சமையலறையில் இருந்தது. அலமாரியில் இருந்த பழைய டேப்ரெக்கார்டரைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று கேட்டது. கேசட்டையே பார்த்திராத குழந்தை. உள்ளே அந்த ஆல்பம்தான் இருந்தது. ஆமாம், உன் கேசட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, காய் நறுக்கும்போது போட்டுக்கொள்கிறேன். கடைசிப் பாட்டின் முடிவில் சுருள் நின்றிருந்தது. மீனு பொத்தானை அழுத்தியதும் அந்த உறுமல் வந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பாட்டி, ஃப்ரிட்ஜ் பாடுது" என்றாள். பிறகு நம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் காதை வைத்துப் பார்த்து, "இது வேற மாதிரி பாடுது" என்றாள். பௌதிகப் பட்டமும் சங்கீத ஞானமும் சேர்ந்து நான் கண்டுபிடித்ததை ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஃப்ரிட்ஜில் காது வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. அவளைத்தான் நீ கல்யாணத்தன்றைக்கு ஆரியசாலையில் விட்டுவிடலாம் என்கிறாய். இதை உமாவிடம் சொல்லிவிட்டாயா, அல்லது முதலில் என்னிடம் ஒத்திகை பார்த்தாயா? சொல்லவில்லை என்றால், அவள் இதைப் படிப்பதற்குள் அந்த யோசனையைக் கைவிட்டுவிடு. இல்லையென்றால் அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள், நான் தடுக்க மாட்டேன்.

உன் யோசனை உன்னுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். போன வாரம் பெரியப்பா இங்கே வந்து அதையே சொன்னார். உன்னிடமும் போனில் பேசியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து, மேல்துண்டால் விசிறிக்கொண்டு, ரெண்டாவதுக்குப் பத்திரிகை அடித்து இந்த நாணக்கேட்டை, இந்த அவமானத்தை, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். அதுவும் கடைக்காரர் வீட்டுப் பெண், அதுவும் கையில் ஒரு குழந்தையோடு. "நான் உங்க நல்லதுக்காக்கும் சொல்றேன். சத்தம் போடாம முடிச்சுக்கோங்கோ. ஊர் ஆள்க்கார் மறந்துடுவா."

உன் அப்பா எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாததற்கு நான் பழகியவள்தான், ஆனால் அன்றைக்கு அது போதாது என்று தோன்றியது. நானே பேசினேன். "அண்ணா, மறக்கறதுக்காக யாரும் கல்யாணம் பண்ணிக்கறதில்லே. என் பிள்ளை திருடிண்டு வரலை. அவளும் திருடலை. ரெண்டு பேரும் ஒரு தடவை விழுந்து எழுந்தவா. அதைத் தெரிஞ்சுண்டே ரெண்டு பேரும் சரின்னு சொல்லியிருக்கா. முதல் தடவை அவனுக்கு ஒண்ணுமே தெரியாது, அதுக்கு நாம மேளம் கொட்டினோம். இப்போ எல்லாம் தெரிஞ்சு பண்ணிக்கறான், இதுக்கா விளக்கை அணைக்கறது?" என்றேன். பெரியப்பா விசிறுவதை நிறுத்தினார். அப்போ பிரதமன் உண்டா என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உண்டு என்று சொன்னேன்.

அவர் போன பிறகு உன் அப்பா, பத்திரிகையில் தன் பெயரை எப்படிப் போடப்போகிறேன் என்று கேட்டார். எப்போதும் போல என்றேன். "இனிஷியல் விட்டுப்போகாம பாத்துக்கோ. போன தடவை ஒண்ணை விட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். உன் அப்பாவிடமிருந்து இதைவிடப் பெரிய சம்மதத்தை நான் வாங்கியதில்லை.

அதனால் சொல்கிறேன், சந்துரு. பத்திரிகை அடித்தாகிவிட்டது. உன் போனுக்கு நான் கொடுக்கும் பதில் அதுதான். திங்கட்கிழமை உமாவின் அப்பாவைக் கடையில் போய்ப் பார்த்தேன். மிளகாய் நெடியில் இரண்டு பேருமாகத் தும்மிக்கொண்டே வாசகத்தை எழுதினோம். அங்கிருந்து நேரே சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அச்சகத்துக்கு. கம்ப்யூட்டரில் அடிக்கிற பெண்ணிடம் எழுதியதைக் கொடுத்துவிட்டு, மறுநாள் போனேன். அச்சுக்குப் போவதற்கு முந்தைய படியை என் கையில் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக, "மாமி, அடியிலே ஒரு தெற்று இருந்தது. நான் திருத்தியாச்சு" என்றாள். ஜெபமணி அண்ணன் முகத்தில் நான் பார்த்த அதே பெருமை. பார்த்தேன். குழந்தைகளின் அழைப்பு போடுகிற அந்தக் கடைசி வரியில், "எங்க அத்தை கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கோ" என்று இருந்தது. கீழே மீனுவின் பெயர்.

நான் எழுதிக் கொடுத்தது அத்தை இல்லை. தெற்றும் இல்லை, பிழையும் இல்லை, நான் எழுதினபடியே போடு என்றேன். அவள் நான் எழுதிய காகிதத்தை எடுத்து மறுபடி படித்தாள். என்னைப் பார்த்தாள். "மாமி, இப்படி ஞங்கள் பிரஸ்ஸிலே இதுவரைக்கும் அடிச்சதில்லே" என்று தயங்கினாள். இப்போது அடி என்றேன். அவள் திரும்பி உட்கார்ந்து ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்லை அடித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாழ்நாளில் பாதியைப் பிழை பிடிப்பதில் கழித்தவள் நான். எது பிழை, எது பிழையில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன், பாதியும் கதையாகப் போய்விட்டது. புத்தி கொஞ்சம்தான். உமாவை ரம்யாவோடு ஒப்பிடாதே, மனசுக்குள்ளும் வேண்டாம். முதல் ஆல்பத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்டவர்கள் யாருமே அதைக் கேட்கவில்லை என்று நீதான் சஜீவிடம் கத்தினாய். பல்லவி வரவில்லையே என்று காத்திருக்காதே. சில பாட்டுகளில் அது வராது, அவை வேறு விதமாக நன்றாக இருக்கும். யாராவது உன்னிடம் வந்து, பரவாயில்லை, எல்லாம் சரியாகிவிடும் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் வாழ்த்தினால், சிரித்துக் கைகொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்காதே. அந்த மண்டபத்தில் நீ யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

முகூர்த்தம் விடியற்காலையில் இல்லை. ஒன்பது மணிக்கு மேல் வைத்திருக்கிறோம், எல்லாரும் காபி குடித்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வந்துசேரச் சாவகாசம் இருக்கட்டும் என்று. நாதஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று. முதல் பத்திரிகையைக் குங்குமம் வைத்துப் பெரியப்பா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு, அவர் பத்திரிகையைத் தூரப் பிடித்து மறுபடி படித்தார். பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, வாங்கிப் படித்து, "கொழந்தை பேரு மீனுவா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வருவார்களா தெரியாது. வராவிட்டால் பிரதமன் மிச்சமாகும், நாம் சாப்பிடுவோம்.

உன் பத்திரிகையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கேசட்டை அனுப்பவில்லை, அது எனக்கு வேண்டும். பத்திரிகையை முழுக்கப் படி, கடைசி வரிவரை. "எங்க அம்மா கல்யாணத்துக்கு எல்லாரும் வாங்கோ. இப்படிக்கு, மீனு." அவளுக்கு அதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு ஒன்று, தன் சிநேகிதிகளுக்குச் சில என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஊரையே கூப்பிட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான். அழைத்தவளை வீட்டில் விட்டுவிட்டு யாரும் கல்யாணம் நடத்துவதில்லை. நீ வரும்போது ஆரியசாலை வழியாக வந்து, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழை. முன்வாசல் வழியாக.

அம்மா